தேர்தற் களத்தில் சொல்லறம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடுவது எளிதன்று. அக்காலத்திற்குள் குறைந்தது இரண்டு மக்களவைத் தேர்தல்களேனும் வந்துபோய்விடுகின்றன. ஒரே அவையில் ஒருவர் ஒரு கட்சிக்கு வாக்களிப்பவர். அருகில் அமர்ந்திருப்பவர் அதனை எதிர்ப்பவர். மூன்றாமவர் இரண்டையும் ஏற்காதவர். யாப்பைப் பற்றி மணிக்கணக்கில் மாறுபட்டுப் பேசிவிட்டு ஒன்றாகத் தேநீர் அருந்தும் நண்பர்கள், தேர்தல் திங்களில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கத் தயங்குவதுண்டு. ஆதலின் தேர்தற் காலத்தில் சொல்லைக் காப்பது எவ்வாறு என்னும் வினா அரசியலார்க்கு மட்டும் உரியதன்று. சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர்க்கும் உரியது.

வள்ளுவர் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை ஆகியவற்றை அறத்துப்பாலில் வைத்தார். சொல்வன்மையையும் அவையறிதலையும் பொருட்பாலில் வைத்தார். அரசியலுக்குச் சொல்வன்மை இன்றியமையாதது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வன்மையைப் பேசுவதற்கு முன்னரே, சொல்லின் ஒழுக்கத்தைப் பேசி முடித்துவிட்டார். இந்த வரிசை எண்ணிப் பார்த்தற்குரியது. பேசத் தெரிந்தவன் பேசலாம் என்பதன்று அவர் முறை. பேசத் தகுந்தவன் பேசத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே.

தேர்தலில் நேர்மை என்றதும் தமிழர் உத்தரமேரூரை நினைப்பர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. அது எல்லார்க்கும் உரிய தேர்தல் அன்று. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரிய பிரமதேயச் சபை அது. இக்குறையை மறைத்துப் பெருமை பேசுவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. ஆயினும் அதன் இரண்டு விதிகள் இன்றும் வியப்பளிப்பன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்பது ஒன்று. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்கும் நடுவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. நடுவர் நல்லவரா என்று அவ்விதி கேட்கவில்லை. அவர் கையில் மறைவு ஏதும் இல்லை என்பதை அவை முழுதும் காண வேண்டும் என்றே கேட்கிறது. ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் தேர்தல் நேர்மைக்கு விரித்த உள்ளங்கையைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைப்பது அரிது.

விடுதலை இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தனர். 2024 மக்களவைத் தேர்தலில் அத்தொகை 96 கோடியைக் கடந்தது. இத்துணைப் பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் சினங்கொள்ளும்போது சட்டம் என்ன செய்ய முடியும்? 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளர் ஒருவரின் தனிப்பட்ட ஒழுக்கம் பற்றிப் பொய்யென அறிந்தே பரப்புவதை ஊழல் நடவடிக்கைகளுள் ஒன்றாக வைத்தது. 1960இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் அரும்பிய தேர்தல் நடத்தை விதிகள் பின்னர் நாடு முழுமைக்கும் பரவின. எதிர்க்கட்சியின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல் ஆகியவற்றைக் குறைகூறலாம்; பொதுவாழ்வோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடலாகாது; மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டைக் கூறலாகாது என்பன அவ்விதிகளின் சாரம்.

இவ்விதிகள் கவிஞர்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் எனப் பகுத்து அதற்கு இடம் அளித்தது. வெளிப்படையாகவும் பழிக்கலாம், மறைத்தும் பழிக்கலாம். ஆகவே கடுஞ்சொல்லே கூடாது என்பது தமிழ் மரபு அன்று. பழிக்கத்தக்கது இருந்தால் பழிக்க வேண்டும். இல்லாத பழியைக் கற்பித்து உரைப்பதோ அங்கதம் ஆகாது, அவதூறே ஆகும். முன்னது செயலைச் சுட்டுகிறது. பின்னது பிறப்பையும் தோற்றத்தையும் குடும்பத்தையும் சுட்டுகிறது. இந்த எல்லையைச் சட்டம் அறிவதற்கு முன்னரே கவிஞன் அறிந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தேர்தல் மேடை தமிழ் உரைநடைக்குப் பெருங்கொடை நல்கியது. எழுதப் படிக்க அறியாதோரும் அடுக்குமொழித் தமிழைக் கேட்க நள்ளிரவு வரை காத்திருந்தனர். அதே மேடையில் அதே எதுகையும் மோனையும் வசைக்கும் பயன்பட்டன. திராவிட இயக்கத்தாரைக் கூத்தாடிகள் என்று ஒரு மேடை எள்ளியது. காமராசரின் தோற்றத்தையும் படிப்பையும் எதிர்மேடை எள்ளியது. கைதட்டல் இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஒலித்தது.

அக்காலத்தைப் பற்றி மேடைதோறும் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தில் அண்ணாவின் சொந்த வாழ்வை இழித்துரைத்து எதிர்த்தரப்பார் எழுதிவைத்த பலகையை அகற்றத் தொண்டர்கள் கொதித்தெழுந்தபோது, அதனை அகற்ற வேண்டா, இரவிலும் எல்லாரும் படிக்குமாறு அருகில் ஒரு விளக்கை வைத்துவிடுங்கள் என்று அவர் கூறினாராம். இருளில் எழுதப்பட்ட வசைக்கு வெளிச்சமே மறுமொழி என்பது கருத்து. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் அதே காஞ்சிபுரத்தில் தோற்றார். பண்பாடு வெற்றியைத் தரும் என்று எவரும் உறுதியளிக்க இயலாது. வெற்றி தரும் என்பதற்காகக் காக்கப்படுவது பண்பாடும் அன்று. அது ஓர் உத்தி மட்டுமே.

1967 பிப்ரவரியில் மக்களவைக்கும் சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்கும் ஒருங்கே தேர்தல் நடந்தது. 1965ஆம் ஆண்டின் மொழிப்போராட்டத்தில் சிந்திய குருதி அப்போது காய்ந்திருக்கவில்லை. அரிசித் தட்டுப்பாடு வீடுதோறும் உணரப்பட்டது. காமராசர் விருதுநகரில் மாணவர் தலைவர் ஒருவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தோல்வியை ஏற்றுக்கொண்டு பொதுவாழ்வில் தொடர்ந்தார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவை சென்றார். வென்ற அண்ணாவோ ஆட்சிப் பொறுப்பு ஏற்குமுன் திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். 1949இல் பிரிந்த பின்னர் பதினெட்டு ஆண்டுகள் இரு இயக்கங்கட்கும் இடையே கடுஞ்சொற்கள் பாய்ந்திருந்தன. அந்தத் தேர்தலிலும் பெரியார் காங்கிரசையே ஆதரித்துப் பேசியிருந்தார். தோற்ற பக்கத்தில் நின்றவரை வென்றவர் தேடிச் சென்ற நிகழ்ச்சி அது.

அத்தகைய சந்திப்பு ஏன் இயன்றது? கடக்க முடியாத சொல் ஒன்று இடையில் நின்றிருந்தால் அது இயன்றிராது. அரசியலில் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1953இல் இராசாசியின் கல்வித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த இயக்கம் 1967இல் அவரோடு கூட்டணி கண்டது. 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசரை ஆதரித்த இயக்கமே பின்னர் அவரை எதிர்த்து வென்றது. கொள்கையைப் பற்றிப் பேசிய சொல்லைச் சூழல் மாறும்போது விளக்கலாம், திருத்தலாம், விட்டும் கொடுக்கலாம். ஒருவர் பிறப்பையும் உருவத்தையும் பற்றிப் பேசிய சொல்லை என்ன செய்வது? அது சொன்னவரையும் கேட்டவரையும் விட்டு அகலாது. காமராசர் 1975இல் மறைந்தபோது அவருக்கெனச் சொந்தமாக ஒரு வீடுகூட இல்லை என்பதை நாடு கண்டது. அவரை எள்ளிய மேடைச் சொற்கள் அன்று எவ்வளவு சிறுத்துப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பண்பாடு, நாகரிகம் என்பன வயிறு நிறைந்தவர் பசித்தவர்க்குக் கூறும் அறிவுரை; அநீதியைக் கண்டு உரத்த குரலில் கூவுகிறவனைச் சொல்லடக்கம் பேசி அடக்கிவிடுவர் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. 1965இன் சினம் மெல்லிய குரலில் வெளிப்பட்டிருக்க முடியாது. ஆனால் சினத்தின் உயரம் வேறு, சொல்லின் தரம் வேறு. உரத்துக் கூவலாம், கூவும் செய்தி மெய்யாக இருக்க வேண்டும். அமைதியான குரலில் கூறப்படும் பொய்யைவிட உரத்த குரலில் கூறப்படும் மெய் பண்பாடுடையது. மெய்யைக் கைவிட்டபின் காக்கப்படும் இன்சொல் வெறும் முகமன் ஆகிவிடும்.

இன்று மேடையைவிடக் கைப்பேசியே பெரிய களமாகிவிட்டது. சுவரில் எழுதிய வசையை ஒரு மழை கழுவியது. துண்டறிக்கை ஓரிரு நாளில் குப்பையாயிற்று. கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை ஆராயாது பத்துப் பேர்க்கு அனுப்புகிறவர் தாம் எழுதாத பொய்க்குத் தாமும் ஆசிரியர் ஆகிறார். அதிலும் கவிஞர் ஒருவர் அதற்கு எதுகை சேர்த்து அனுப்புவாராயின், அப்பொய் மனப்பாடம் ஆகிவிடுகிறது. யாப்பு நினைவுக்கு உதவும் கருவி. பொய்க்கும் அது அவ்வாறே உதவும். கவிஞரின் பொறுப்பு ஏனையோர் பொறுப்பினும் ஒருபடி மிகுவது இதனால்தான்.

ஆகவே இலக்கிய வட்டத்தார் தேர்தற் காலத்தில் கட்சி சாராது ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது கருத்தன்று. சார்ந்திருக்கலாம், பாடலாம், மேடை ஏறலாம். எழுதுவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொண்டால் போதும். இது செயலைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? இதன் உண்மையைத் தேடிப் பார்த்தாயிற்றா? அவர் எதிரில் அமர்ந்திருந்தால் இதை அவர் முகம் பார்த்துப் படிக்க முடியுமா? மூன்றாம் வினாவில் தேறாத கவிதைகள் பல இருக்கும். அவற்றை எழுதியவரே கிழித்துவிடுவது நன்று.

வாக்குச் சீட்டு மறைவானது. அது மறைவாகவே இருக்க வேண்டும். சொல் அவ்வாறன்று. தேர்தல் முடிந்த மறுதிங்கள் இதே அவை மீண்டும் கூடும். அன்று வென்ற பக்கத்தவரும் தோற்ற பக்கத்தவரும் ஒரே பாயில் அமர்ந்து கவிதை கேட்பர். அப்போது ஒருவர் மற்றவரிடம் உத்தரமேரூர் நடுவரைப் போல ஐந்து விரலையும் விரித்துக் காட்ட முடியுமாயின், அவர் தேர்தலில் தம் கடமையைச் செய்தவர் ஆவார். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டும் அத்தகைய விரித்த கைகளால் வளர்க.