ஸ்டீராய்டு மருந்தும் நோயாளரும்

புறத்திலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் நம் உடலில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. சிலருக்கு அந்த ஆற்றலே, வீட்டுக்காரரைத் திருடன் என்று எண்ணிப் பாயும் காவல் நாயைப்போல, சொந்த மூட்டுகளையும் தோலையும் சிறுநீரகங்களையும் தாக்கத் தொடங்குகிறது. முடக்குவாதம், லூபஸ் முதலிய நோய்கள் இவ்வகையின. இவற்றின் சீற்றம் மிகும்போது டாக்டர்கள் பெரும்பாலும் நாடுவது ஸ்டீராய்டு மருந்தையே.

அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ஹென்ச், மஞ்சட்காமாலை கண்ட முடக்குவாத நோயாளிகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் மூட்டுவலி தணிவதைக் கவனித்தார். உடலே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். 1948ஆம் ஆண்டு செப்டம்பரில், கெண்டல் என்ற இரசாயன அறிஞர் ஆராய்ந்து வந்த கார்ட்டிஸோன், முடக்குவாதத்தால் துன்புற்ற ஒரு பெண்ணுக்கு ஊசிமூலம் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடமாடினார். 1950இல் அவ்விருவருக்கும் ரெய்க்ஸ்டைன் என்பவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் முகம் உருண்டு பருத்தல் முதலிய விளைவுகளும் விரைவில் வெளிப்பட்டுவிட்டன.

இவற்றைப் பக்கவிளைவு என்கிறோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அச்சொல்லில் சிறிது மனக்குறை உண்டு. ஏதோ ஓரமாக நிகழ்வது போல அது ஒலிக்கிறது. நோயைத் தணிக்கும் அதே பொருள்தான் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, எலும்பை மெலியச் செய்கிறது, பசியைத் தூண்டுகிறது, உறக்கத்தைக் கெடுக்கிறது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் லூபஸ் கண்ட இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்தில் முகம் பூரணச் சந்திரனாயிற்று. "நன்றாகத் தேறிவிட்டாயே, அம்மா!" என்று உறவினர் பாராட்டினர். அப்பாராட்டு அவளுக்குச் சுட்டது. தங்கையின் திருமணம் நெருங்கியபோது, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் வாந்தியும் மயக்கமுமாக அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. பிழைத்தது தெய்வாதீனம் என்றே சொல்ல வேண்டும்.

இதன் காரணத்தை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருப்பது அவசியம். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நாள்தோறும் நமக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. பிரெட்னிசோலோன் கணக்கில் அது சுமார் 5 மில்லிகிராமுக்குச் சமம். கடும் நோயில் தரப்படுவதோ 40, 60 மில்லிகிராம் வரை போகும். வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது சுரப்பி தன் வேலையை விட்டு உறங்கிவிடுகிறது. சில வாரங்களுக்குமேல் மருந்துண்டவர் திடீரென நிறுத்தினால், பழைய சுரப்பும் இல்லை, மருந்தும் இல்லை. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடைசிச் சில மில்லிகிராம்களைக் குறைப்பதற்கே மிகுந்த பொறுமை தேவை. கடும் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் அளவைக் கூட்டவும் நேரும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரியை அடைந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும்.

மாத்திரையைக் காலையில் உணவுக்குப் பின் உண்பது வழக்கம். இயற்கைச் சுரப்பும் காலையில்தான் உச்சமடைகிறது. இரவில் உண்டால் உறக்கம் போய்விடும். காலையில் உண்பதால் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும் ஏறுகிறது. வெறும் வயிற்றில் மட்டும் இரத்தம் சோதித்தவர் எல்லாம் சரியாக இருப்பதாக ஏமாறக்கூடும். பகல் உணவுக்குப் பின்னும் சோதிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது.

பசியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நாவின் ஆசையன்று, மருந்தின் வேலை. அதற்காக நோயாளரை ஏசுவது அநியாயம். பட்சணத் தட்டுக்குப் பதிலாகச் சுண்டல், வெள்ளரிக்காய், உப்பில்லா மோர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் பாதி வெற்றி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றின் உப்பு உடலில் நீரைத் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

எலும்பின் இழப்பு முதல் சில மாதங்களிலேயே விரைவாக நிகழ்கிறது. ஆதலால் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் தொடக்கத்திலேயே வேண்டும். பாலும் தயிரும் கேழ்வரகும் உதவும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வைட்டமின் டி-க்காக வெயிலில் நிற்கச் சொல்வார்கள். லூபஸ் உள்ளவருக்கு அந்த யோசனை பொருந்தாது. வெயில் நோயைக் கிளப்பும். அவர்கள் மாத்திரையையே நாட வேண்டும்.

காரணமற்ற அழுகையும் சினமும் தோன்றலாம். காய்ச்சல் வெளியே தெரியாமல் உள்ளே தொற்று வளரலாம். நம் நாட்டில் உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்வதுமுண்டு. விடாத இருமலையும் இளைப்பையும் அலட்சியம் செய்யலாகாது. கண்புரைக்காகக் கண்களையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

2021இல் கோவிட் நோயின்போது ஸ்டீராய்டு பலரைக் காப்பாற்றியது. அளவின்றி உபயோகித்த இடங்களில், சர்க்கரை நோயுடன் சேர்ந்து, கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு வழிவிட்டது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவதும், மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் சூரணத்தை உண்பதும் இன்றும் காணும் வழக்கங்கள். ஒரே வாரத்தில் வலி பறந்துபோகச் செய்யும் அத்தகைய சூரணத்தில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. முன்பே அதை உண்டு வந்தவர், வெட்கப்படாமல் அப்பொட்டலத்தையே எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டட்டும். அவரது சுரப்பியும் உறங்கிப் போயிருக்கக்கூடும்.