வீடும் ஊரும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எம்மை, வீடமைப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தனர். கொத்தனார் நிற்கவேண்டிய இடத்தில் பண்டிதன் நிற்கின்றான் என நீவிர் நகைத்தல் கூடும். ஆயினும், இன்று நம்முன் உள்ள தீர்மானம் செங்கல்லை மட்டும் பற்றியதன்று. ஆதலின் துணிந்து வந்தோம்.

ஊர்ப்புறத்தே நிலம் வாங்கி, குடிசையில் வாழும் நம் மரபினர் இருபது குடும்பத்தார்க்கு வீடு கட்டித்தருதல் என்பது தீர்மானத்தின் முற்பகுதி. அஃது உயர்ந்த அறம். அதனை முழுமனத்துடன் போற்றுகின்றோம். கிணறு, மன்றம், படிப்பகம், இடுகாடு ஆகிய நான்கும் நம்மவர்க்கு மட்டுமே என்பது பிற்பகுதி. அதுவே எம்மை வருத்துவது.

முதற்கண் வீட்டின் செலவை நோக்குவோம். ஒன்றிய அரசு 2016இல் தொடங்கிய ஊரக வீட்டுத் திட்டம், சமவெளிப் பகுதியில் வீடொன்றுக்கு ரூ.1,20,000 உதவி வகுத்தது. தமிழ்நாட்டரசு 2024இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ 360 சதுர அடி வீட்டிற்கு ரூ.3,50,000 வகுத்தது. தகுதியுடைய குடும்பத்தார்க்கு விண்ணப்பம் எழுதித் தருதலே நம் சங்கம் செய்யத்தக்க முதற்பணியாம்.

செலவைச் சுருக்கும் வழியும் உண்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2007இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் எலிப்பொறிக் கட்டினை யாண்டும் பரப்பினார். அம்முறையில் செங்கல் ஏறத்தாழக் காற்பங்கு மிஞ்சும். உள்ளிருக்கும் காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தல் அவர் கையாண்ட மற்றொரு முறை.

நிற்க. வீட்டை இவ்வாறு தனித்தனியே மலிவாக்கலாம். பொது வசதியை அவ்வாறு ஆக்குதல் இயலாது. நீரேற்றும் பணியாளர்க்குத் திங்கள் ஊதியம் ரூ.6,000 எனக் கொள்வோம். இருபது வீடுகள் பகிர்ந்தால் வீட்டிற்கு ரூ.300, ஊரார் நூற்றிருபது வீட்டினர் பகிர்ந்தால் ரூ.50. கூலிவேலை செய்வோர்க்கு எது தாங்கும்? அங்கன்வாடிக்கும் இஃதே கணக்கு. ஊரகத்தில் 400 முதல் 800 பேருக்கு ஒன்று என்பது அரசின் விதி. இருபது வீட்டார் நூறு பேர். அவர்க்கெனத் தனியே யார் தருவர்?

இது புதிதாக யாம் கூறுவதன்று. மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் முதலாவது பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பெற்றது. அத்திட்டத்தின்படி ஓரிடத்தில் வீடுகள் நூறு. அவற்றுள் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. மன்றமும் சுடுகாடும் அனைவர்க்கும் பொது. அரசு கட்டியதை ஓர் ஊரார் தாமே செய்தல் ஒல்லாதோ?

இனி, நம் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில், நம்மவர்க்கென்றே நாம் இட்ட ஆழ்துளைக் கிணறு வற்றியது. அக்கிணற்றில் பிறர் ஒரு குடம் நீர் கேட்டபோது இல்லையென்றவர் நாமே. யாமும் அன்று அருகில் நின்று வாய் திறவாதிருந்தோம். ஏரிக்கரைச் சேரியின் குழாயிலோ நீர் வந்தது. நம் வீட்டுத் தாய்மார் குடத்துடன் ஆங்குச் சென்றனர். எவரும் மறுத்திலர், “முதலில் நீங்கள் பிடியுங்கள் அம்மா” என்று வழிவிட்டனர். அந்நீரையே யாமும் பருகினோம். அந்நாணம் இன்னும் எம்மை விட்டு அகலவில்லை.

“நம் பொருள், நம் மக்கள்” என்பார் உளர். அவர் கூற்றில் பாதி உண்மை. வீடுகள் நம் ஏழையர்க்கே ஆகுக. ஆனால், பொது வசதிக்கு வேலியிட்டால், வெளியே நிற்போர் பிறர். உள்ளே அடைபடுவோரோ நம் பிள்ளைகள்! படிப்பகத்தில் ஒன்றாக அமர்ந்து படியாத சிறுவர், நாளை ஊராட்சியில் ஒன்றாக அமர்ந்து சாலை கேட்பது எங்ஙனம்? ஒரு தெருவார் தனித்துக் கேட்கும் சாலை மனுவாகவே நிற்கும்; ஊர் கேட்டால் வரும்.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. ‘நம்மவர்க்கு மட்டும்’ என்னும் தொடரைத் தீர்மானத்தினின்று நீக்குக. நீரும் மன்றமும் படிப்பகமும் காப்பதற்கு, ஊரின் எல்லாத் தெருவாரும் பெண்டிரும் அமர்ந்த குழுவொன்று அமைக்க. தனி இடுகாட்டிற்கெனக் கருதிய நிலத்தைப் பிள்ளைகள் விளையாட விடுக; ஊரின் பொது இடுகாட்டிற்குப் பாதையும் நிழலும் நாம் அமைப்போம்.

வீடு தனி ஒருவர் செல்வம். ஊர் அனைவர் செல்வம். ஊரின்றி வீடு நில்லாது.