வேலை வரும் வரை

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தோன்றியபோது, நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டுவார்களா என்பதே நம் பெரியோர்களின் கவலையாக இருந்தது. இன்று இவ்வரங்கில் பட்டதாரிகள் நிறைந்து அமர்ந்திருக்கக் காண்கிறோம். கவலை நீங்கவில்லை, உருமாறி நிற்கிறது. படித்த பிள்ளைக்கு வேலை எப்போது கிடைக்கும் என்பதே இன்று நம் தெருக்களில் கேட்கும் கேள்வி.

வேலை பெறும் வழிகளைப் பற்றி நமக்கு முன் பேசியவர்கள் விரிவாகக் கூறிவிட்டார்கள். ஆகவே, படிப்பு முடிந்த நாளுக்கும் வேலை கிடைக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூற விரும்புகிறோம். அக்காலம் சிலருக்கு ஆறு மாதம். சிலருக்கு ஆறு ஆண்டு. அதில் மனம் உடையாமல் நிற்பது எப்படி என்பதே நம் பேச்சின் பொருள்.

கூலிக்கு மேல் வேலை தருவது என்ன?

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்றோர் ஊர். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவ்வாலை மூடப்பட்டது. 1931ஆம் ஆண்டின் இறுதியில் மரி யஹோடா என்னும் பெண் அறிஞரும் அவர்தம் தோழர்களும் அவ்வூருக்குச் சென்று, வேலையிழந்த குடும்பங்களின் வாழ்வை உடனிருந்து ஆராய்ந்தனர். அவர்களின் நூல் 1933ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவர்கள் கண்டது என்ன? வேலை இல்லாதவனுக்கு நேரம் மிகுதியாகக் கிடைக்கும். ஆகவே அவன் நிறையப் படிப்பான் என்றே யாரும் எண்ணுவர். அங்கே நடந்தது நேர்மாறு. தொழிலாளர் நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும், 1929க்கும் 1931க்கும் இடையில் மக்கள் இரவல் பெற்ற நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கைக்கடிகாரம், பைக்கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். காலை முதல் மாலை வரை என்ன செய்தாய் என்று கேட்டபோது அவர்களால் விடை கூற இயலவில்லை.

இதைக் கேட்கும்போது நம் காலனி முகப்பில் உள்ள தேநீர்க்கடையும், ஆலமரத்து மேடையும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். பத்து மணிக்கு எழுந்து, கைப்பேசியில் பகல் கழிந்து, இரவு இரண்டு மணி வரை உறக்கமின்றிப் புரளும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் ஏசுகிறோம். அது சோம்பல் அன்று. வேலையின்மை மனிதனுக்குச் செய்யும் கேடு. வியன்னாப் பக்கத்து வெள்ளைக்காரத் தொழிலாளிக்கும் அது அதையே செய்தது.

யஹோடா அம்மையார் பின்னர் எழுதிய நூல்களில், வேலை என்பது கூலியோடு வேறு ஐந்து நன்மைகளையும் தருகிறது என்று காட்டினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு. வீட்டிற்கு வெளியே மனிதர் தொடர்பு. பலரோடு சேர்ந்து முயலும் ஒரு பொது நோக்கம். ஊரார் நடுவே ஒரு மதிப்பு. கைக்கும் அறிவிற்கும் இடைவிடாத பயிற்சி. கூலி பிறர் கொடுத்தால்தான் வரும். மற்ற ஐந்தையும் நாமே ஓரளவு ஆக்கிக்கொள்ள முடியும். இந்த ஒரு கருத்தை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் நம் பேச்சின் பயன் நிறைவேறிவிடும்.

குறை உங்களிடமா, கணக்கிலா?

அரசுத் தேர்வாணையம் 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வை எண்ணிப் பாருங்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். ஓர் இடத்திற்கு முந்நூறு பேர்! பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலோர் வெளியில் நின்றேயாக வேண்டும் என்பது அத்தேர்வின் கணக்கு. அவர்கள் அத்தனை பேரும் மூடர்களா? அல்லர்.

இக்கணக்கு முயற்சியைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகாது. தேர்வுப் பட்டியலில் எண் இல்லாத இரவில் 'நான் எதற்கும் உதவாதவன்' என்று தன்னைத் தானே தூற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு மட்டும் இது மருந்தாகும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இச்சுமை இருமடங்கு. அவன் தோற்றால் அவன் மட்டும் தோற்பதில்லை. 'படித்து என்ன கண்டான்?' என்று கேட்பவர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பையும் சேர்த்தே தடுக்கிறார்கள்.

அண்ணலின் வேலையற்ற நாட்கள்

நம் அண்ணல் அம்பேத்கரும் இந்நிலையைக் கடந்தவரே. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று, உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917ஆம் ஆண்டு நாடு திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்றார். அலுவலகத்தில் தீண்டாமை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. அவ்வளவு படித்தவர் வேலையின்றிப் பம்பாய்க்குத் திரும்பினார்.

அங்கே அவர் செய்தது யாது? மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினர். ஆயினும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை 1918ஆம் ஆண்டு பொருளியல் இதழில் வெளிவந்தது. வேறு தொழில் இன்மையால் நிலத்தின் மேல் குவிந்து கிடக்கும் உழைப்பே நாட்டின் நோய் என்று அதில் வாதிட்டார். உழைப்பு வீணாவதைப் பற்றி அவர் ஆராய்ந்த காலமும், அவருடைய உழைப்பை நாடு வீணாக்கிய காலமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதை எண்ணிப் பாருங்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிட்டியது. அங்கு ஈட்டியதில் மிச்சம் பிடித்து 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

அவர் மாமேதை, நாம் எளியோர் என்று நீங்கள் சொல்லலாம். மேதைமையை நாம் பின்பற்ற இயலாது. தனிப்பாடம் சொல்லிக் கொடுத்ததையும், நாள்தோறும் எழுதியதையும் எவரும் பின்பற்றலாம்.

நாளை எவ்வாறு அமைப்பது?

முதலாவது, எழும் நேரம். வேலை உள்ளவனைப் போலவே விடியலில் எழுந்து, குளித்து, உடுத்தி, எட்டு மணிக்குள் வீட்டை விட்டு வெளியேறுங்கள். எங்கே செல்வது? நூலகத்திற்குச் செல்லுங்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948ஆம் ஆண்டின் நம் சென்னை மாகாணமே. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இயங்குகிறது. போட்டித் தேர்வுக்கு அங்கே கட்டணமின்றி வகுப்பு உண்டு. தனியே படிப்பவன் மூன்றாம் வாரத்தில் தளர்வான். நால்வராகச் சேர்ந்து படிப்பவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துச் செல்வர்.

இரண்டாவது, மாலை வகுப்பு. நம் தெருப் பிள்ளைகளுக்கு மாலை ஆறு முதல் எட்டு மணி வரை பாடம் சொல்லிக் கொடுங்கள். நான்காம் தொகுதித் தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைவது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், கணக்கு, சமூக அறிவியல் நூல்களே அதற்கு அடித்தளம். பிறருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் மறவாது என்பதை முப்பதாண்டுக் கால ஆசிரியப் பணியில் நாம் கண்டிருக்கிறோம். அம்மையார் கூறிய ஐந்து நன்மைகளும் இந்த இரண்டு மணி நேரத்தில் அடங்கியுள்ளன. நேற்றுவரை 'சும்மா இருக்கிறான்' என்ற ஊர், 'வாத்தியார் வருகிறார்' என்று சொல்லத் தொடங்கும்.

மூன்றாவது, பதிவும் உதவித்தொகையும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள். பதிந்து ஐந்தாண்டு காத்திருப்போருக்கு அரசு வழங்கும் உதவித்தொகை, பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பிற்கு 400 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். நம் சமூகத்தினர் 45 வயது வரை பெறலாம். சிறு தொகைதான்; பேருந்துக் கட்டணத்திற்குத் தாயிடம் கையேந்தாமல் இருக்க உதவும். தாட்கோ என்னும் நம் கழகம் 1974 முதல் இயங்கி வருகிறது. தொழில் தொடங்க விரும்புவோர் அங்குள்ள கடன், மானியம், பயிற்சி ஆகியவற்றை நேரில் சென்று கேட்டறிக. 'பணம் கொடு, வேலை வாங்கித் தருகிறேன்' என்று வரும் தரகனிடம் தாயின் நகையை ஒப்படைத்து விடாதீர்கள்.

கிடைத்த வேலையும் தன்மானமும்

காத்திருக்கும் காலத்தில் பட்டறைக்கும் ஆலைக்கும் செல்வது இழிவா என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இழிவு இல்லை. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், கோழிப் பண்ணைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் என்று நம் சமவெளி உழைப்பவனுக்கு வழி காட்டுகிறது. அரை நாள் கணக்கெழுதினாலும், ஒரு தொழில் நுணுக்கம் கற்றாலும் நன்று.

ஆனால் மூன்று எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கி உங்களைக் கட்டிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தும், தறிக்கூடங்களில் முன்பணக் கடன் எத்தனை குடும்பங்களை அசைய விடாமல் நிறுத்தியது என்பதை நம் பெரியோர் அறிவர். சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட வேலைக்கு, 'சும்மாதானே இருக்கிறாய்' என்று யார் அழைத்தாலும் செல்லாதீர்கள். மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. படிக்கும் நேரத்தை முழுவதும் விழுங்கும் வேலையாயின், எத்தனை மாதம் அதில் இருப்பது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள்.

நம் பெண்மக்கள்

மரியன்தாலில் ஆண்கள் மெதுவாக நடந்தபோது, பெண்கள் விரைந்து நடந்தார்கள். ஆலை மூடினாலும் அடுப்பு மூடுவதில்லை அன்றோ? நம் வீடுகளிலும் அவ்வாறே. பட்டம் பெற்ற மகள் விடியல் முதல் தண்ணீர் சுமந்து, சமைத்து, துவைத்து நிற்கிறாள். அவளை வேலையற்றவள் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆகவே அவளுக்குப் படிக்க நேரமும் எவரும் கொடுப்பதில்லை. பெற்றோர்களே! நாளுக்கு இரண்டு மணி நேரம் அவளைப் புத்தகத்தோடு விடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் அண்ணன் தம்பியர் துடைப்பத்தையும் குடத்தையும் கையில் எடுக்கட்டும்.

வீட்டாரின் கடமை, சங்கத்தின் கடமை

சோறு பரிமாறும்போது வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். திருமண வீட்டில் நாலு பேர் நடுவே கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். திங்களுக்கு ஒரு நாள் தந்தையும் பிள்ளையும் அமர்ந்து, வரவு செலவையும் தேர்வு நாட்களையும் அமைதியாகப் பேசினால் போதும்.

பிள்ளை உறக்கமும் உணவும் இழந்தாலோ, குடியை நாடினாலோ, 'இருந்து என்ன பயன்' என்று பேசினாலோ, அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளாதீர்கள். அவனைத் தனியே விடாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் வெட்கம் இல்லையெனில், இதற்கும் வேண்டியதில்லை.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழாவின் நினைவாக வளைவு கட்டுவதைக் காட்டிலும், நம் கட்டடத்தின் ஓர் அறையை விடியல் முதல் இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். நான்கு மேசை, ஒரு விளக்கு, இரண்டு நாளிதழ், தேர்வு நூல்கள், ஒரு வருகைப் பதிவேடு ஆகியவை இருந்தால் போதும். காலையில் அங்கே படிப்பவர் மாலையில் அங்கேயே கற்பிக்கட்டும். வேலை கிடைத்துச் செல்பவர் தம் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு நூலை அங்கே வைத்துவிட்டுச் செல்லட்டும். வேலை தரும் ஆற்றல் நம் சங்கத்திற்கு இல்லை. காத்திருக்கும் பிள்ளை காலையில் சென்று அமர ஓர் இடம் தரும் ஆற்றல் உண்டு.

இளைஞர்களே! அரசு அனைவருக்கும் வேலை தர வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; அதை ஒன்றுபட்டுக் கேளுங்கள். கேட்கும் குரலில் வலிமை இருக்க வேண்டுமாயின், காத்திருக்கும் நாளில் உள்ளம் நொறுங்காதிருக்க வேண்டும். நாளை காலை ஆறு மணிக்கு எழுவதில் அதைத் தொடங்குங்கள்.