முதல் வகுப்புத் தேர்ச்சி அட்டை



சரக்கு ரசீதை வரிவரியாகப் படிக்கும் ரயில்வே எழுத்தர்களாகிய நாங்கள், பிள்ளையின் தேர்ச்சி அட்டையில் மட்டும் கையெழுத்திடும் இடத்தையே தேடுகிறோம்!

முதல் வகுப்பு முடிவில் குழந்தை, முன்பு பார்த்திராத பகுதியில் நாலைந்து எளிய சொற்கள் கொண்ட வாக்கியங்களைப் படிக்கவேண்டும். 99 வரை எண்களைப் படித்து எழுதவேண்டும். எளிய கூட்டல் கழித்தலும் செய்யவேண்டும். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு இது. 'முன்பு பார்த்திராத' என்பதே இதில் உயிர்நிலை.

எங்கள் வீட்டுச் சிறுவன் தெலுங்குப் பாடத்தை முழுவதும் ஒப்பித்தான், பூரித்தோம். அட்டையிலோ வாசிப்பில் பயிற்சி தேவை என்றிருந்தது. ஆசிரியையைக் குறை கூறினோம். பிறகு வேறொரு பக்கத்தைக் காட்டினோம். அவன் வாய் திறக்கவில்லை.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் நல்ல மறைவிடம். அடிக்காதீர்கள், எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்று ஆசிரியையைக் கேளுங்கள். எங்கள் சிறுவனுக்குக் கூட்டெழுத்துக்கள் இன்னும் வசப்படவில்லை. மாலைதோறும் புதிய பக்கம் ஒன்றுடன் அவனருகே அமர்கிறோம்.