கணக்கறிந்தவர் கடன்

(வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் நிகழ்த்திய உரை)



என்னை இங்கு அழைத்தவர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். "கணக்காளர்களும் வங்கியில் இருந்து இளைப்பாறியவர்களும் ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் பண ஆலோசனை சொல்லப் புறப்பட்டிருக்கிறார்களே, இதில் அவர்களுக்கு என்ன லாபம்?" என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்வி. கணக்கைத் தொழிலாகக் கொண்டவன் ஒன்றை இலவசமாகத் தருகிறான் என்றால் ஐயம் எழுவது இயல்பே. நானும் ஒரு காலத்தில் ஐயுற்றவன்தான்.

முப்பத்தொரு வருடம் பிறர் கணக்கைப் பார்த்துப் பிழைத்தேன். அக்காலமெல்லாம் என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தவர்கள் பணம் உடையவர்கள். வரி எவ்வளவு குறையும், காணி வாங்குவதா வீடு கட்டுவதா என்பனவே அவர்களுடைய கவலைகள். பணம் இல்லாதவர் என் வாசற்படியை மிதித்ததில்லை. மிதித்திருந்தாலும் என் கூலியைக் கொடுத்திருக்க முடியாது. எங்கள் தொழிலின் விந்தை இதுதான். ஆலோசனை யாருக்கு மிகவும் வேண்டுமோ, அவருக்கே அது கிட்டுவதில்லை. நோய் முற்றியவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. கடன் முற்றியவருக்கு எந்த ஆஸ்பத்திரி உண்டு?

2017 ஆம் ஆண்டில், உறவினர் வீடொன்றுக்காகக் கிளிநொச்சிப் பக்கம் போயிருந்தேன். அயலில் வசித்த பெண் ஒருவர், நான் கணக்குத் தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு, ஒரு பொலித்தீன் பையுடன் வந்தார். பைக்குள் ஐந்து தவணை அட்டைகள். ஐந்தும் வெவ்வேறு நுண்கடன் நிறுவனங்களுடையவை. "ஐயா, இதிலே எதை முதலிலே கட்டிறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதல் அட்டையை எடுத்தேன். கடன் 50,000 ரூபா; வட்டி 28 வீதம்; ஐம்பத்திரண்டு வாரத் தவணை. வட்டி 14,000 ரூபாவையும் சேர்த்து 64,000 ரூபா. வாரம் ஒன்றுக்கு 1,231 ரூபா வீதம் கட்ட வேண்டும். வட்டி 28 வீதந்தான் என்று அந்த அம்மையார் நம்பியிருந்தார். கையெழுத்து வாங்கிய உத்தியோகத்தரும் ஒருவேளை அப்படியே நம்பியிருக்கலாம். ஆனால் முதலாம் வாரத்திலிருந்தே முதல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. அரை வருடம் கழியும்போது கடன் பணத்தில் ஏறத்தாழப் பாதிதான் அவர் கையில் நிற்கிறது. வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் கணக்கிடப்பட்டுவிட்டது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணித்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 50 வீதத்தைத் தாண்டுகிறது.

கமக்காரர்களே, உங்கள் வழியில் சொல்கிறேன். பத்துப் பரப்புக் காணியை ஒரு வருடக் குத்தகைக்கு எடுக்கிறீர்கள். காணிக்காரர் ஐந்து கிழமைக்கு ஒரு பரப்பாகத் திருப்பி எடுத்துக்கொண்டே போகிறார். ஆனால் குத்தகையை மட்டும் வருடம் முழுவதும் பத்துப் பரப்புக்கும் கேட்கிறார். நீங்கள் விடுவீர்களா? வேலியடியிலேயே வழக்குத் தொடங்கிவிடும். காணி கண்ணுக்குத் தெரிகிறது, வட்டி தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று இரண்டு மணி நேரம் ஒரு பென்சிலுடன் இருந்தோம். ஐந்து கடனையும் உண்மையான வட்டிப்படி வரிசைப்படுத்தினோம். முதற் கடனைக் கட்ட இரண்டாவதும், இரண்டாவதைக் கட்ட மூன்றாவதும் வாங்கப்பட்டிருந்தன. அயல் வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றிருந்ததால், ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் அவர் முற்றத்தில் வந்து நிற்பார்கள். இனிப் புதுக் கடன் வாங்குவதில்லை என்பது முதல் முடிவு. தவணையை நீட்டித் தருமாறு இரு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்று இசைந்தது, மற்றது பதிலே போடவில்லை. கடன் முழுவதும் தீர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எனக்குக் கிடைத்த கூலி நாலு முருங்கைக்காய்.

இதில் என்ன லாபம் என்று கேட்டீர்கள். வசதி படைத்தவருக்கு நான் 14,000 ரூபா மிச்சப்படுத்திக் கொடுத்தால், அது அவருக்கு ஓர் இரவு விருந்துச் செலவு. அந்த அம்மையாருக்கோ அது பிள்ளையின் படிப்பு. ஒரே பென்சில், ஒரே பெருக்கல். பயன் எத்தனை மடங்கு வேறு! தன் தொழிலின் முழுப் பெறுமதியையும் வாழ்நாளில் ஒரு முறையாவது காண விரும்பாத தொழிலாளி உண்டா? அந்த விருப்பம் சுயநலம் என்றால், அந்தச் சுயநலம் எனக்கு உண்டு.

இன்னொரு காரணம் நாணத்தோடு சொல்ல வேண்டியது. இந்நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. நான் பல்கலைக்கழகம் வரை படித்தது என் தகப்பனார் பணத்தினால் அல்ல. சீனிக்கும் சீலைக்கும் வரி கட்டிய ஏழைகளின் பணமும் அதில் இருந்தது. அந்தக் கணக்கில் என் பெயருக்கு எதிரே ஒரு மீதி நிற்கிறது. எந்த ஐந்தொகையிலும் நான் அதைக் காட்டியதில்லை.

பிற நாடுகளிலும் இது நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா இறங்கிய மறுநாள், 1939 செப்டெம்பர் 4 ஆம் திகதி, பிரித்தானியாவில் பொதுமக்கள் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. பெரும்பாலும் தொண்டர்களே அவற்றை நடத்தினர். அமெரிக்காவிலும் 2001 செப்டெம்பர் தாக்குதலில் குடும்பத் தலைவர்களை இழந்தவர்களுக்கு அந்நாட்டு நிதித் திட்ட ஆலோசகர்கள் கூலியின்றி உதவினார்கள். ஆபத்து வந்தபின்தான் அங்கும் கண் திறந்தது.

இங்கே 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. நல்ல காரியம். ஆனால் தவணை தவறி நின்ற கடன்களுக்கே அந்தச் சலுகை. தாலிக்கொடியை அடைவு வைத்து ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒன்றுமில்லை. வட்டிக்கு உச்ச வரம்பும் அதன்பின் வந்தது. அறிவித்தல் பத்திரிகையில் வரும். அது தானாக நடந்து ஒருவருடைய படலைக்கு வந்து, "அம்மா, உமக்கும் இது பொருந்தும்" என்று சொல்வதில்லை. ஓர் ஆள் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2019 இல் வெங்காயச் செய்கைக்காரர் ஒருவருக்கு ஆலோசனை சொன்னேன். அவருடைய உழவு இயந்திரத்தின் லீசிங் வட்டி அதிகம். வங்கியில் நகை அடைவு வட்டி குறைவு. மனைவியின் நகைகளை அடைவு வைத்து லீசிங்கை முடித்துவிடும்படி சொன்னேன். கணக்குச் சரி. அறுவடை வந்தபோது விலை விழுந்தது. நகைகள் ஏலத்தில் போயின. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இலவசமாகச் சொன்னவனிடம் எப்படிக் கோபிப்பது என்று நினைத்திருப்பார். அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. கூலி கொடுத்தவர் என்னைக் கேள்வி கேட்பார், வழக்கும் போடுவார். இவரால் முடியாது. ஆகவே இலவசமாகச் சொல்பவன் இரட்டிப்புக் கவனத்தோடு சொல்ல வேண்டும். அன்று முதல் எந்தக் கணக்கையும் போடுமுன், மழை பொய்த்தால் என்ன, விலை விழுந்தால் என்ன என்று கேட்டே போடுகிறேன்.

இலவச ஆலோசனை என்று வருபவர் எல்லோரையும் நம்பிவிடவும் வேண்டாம். காப்புறுதி விற்பவரும் லீசிங் முகவரும் கூட இலவசமாகவே ஆலோசனை சொல்கிறார்கள்! அவர்களுடைய கூலியை வேறொருவர் கொடுக்கிறார். கடைசியில் அது உங்கள் தவணையில்தான் ஏறுகிறது. நாங்கள் எதையும் விற்க மாட்டோம். ஒருவருக்கும் கடன் கொடுக்க மாட்டோம். ஒருவர் கடனை இன்னொருவரிடம் பேச மாட்டோம். இவற்றில் ஒன்றை மீறினாலும் எங்களை இந்த மண்டபத்திலிருந்து வெளியேற்ற உங்களுக்கு உரிமை உண்டு.

இங்கு வந்திருக்கும் சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள். கடனுக்காகக் காணியை நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்தவர்கள் இவ்வூரில் பலர். 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அமைந்த கடன் இணக்கச் சபை அத்தகைய வழக்குகளைக் கேட்கிறது. மீட்கும் காலக்கெடு கடக்குமுன் அங்கே போக வேண்டும். உறுதியைப் படித்துக் கெடுவைச் சொல்ல என்னால் இயலாது, உங்களால் இயலும். மாதத்தில் இரண்டு மணி நேரம் போதும். இருவராவது முன்வாருங்கள்.

வரும் மாதம் முதற் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இம்மண்டபத்தில் தொடங்குகிறோம். மேசை ஒன்றும் கதிரை ஆறும் தருவதாகத் தலைவர் அவர்கள் சொல்லியிருக்கிறார். வருபவர்கள் எல்லாத் துண்டுகளையும் கொண்டு வாருங்கள். அடைவுச் சிட்டை, சீட்டுக் கணக்கு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெட்டிக்கடியில் வைத்திருக்கும் அட்டை, எல்லாவற்றையும். கொப்பியும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன்.