துறைவாரியாகக் கேளுங்கள்



உங்கள் கல்லூரியின் நூலக வார விழாவுக்கு அழைத்திருக்கிறீர்கள். நூலகத்தோடு ஆய்வகத்தையும் சேர்த்துப் பேச அனுமதி கேட்கிறேன். இரண்டிலும் என்ன குறை என்று மாணவரிடமே கேட்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ அமைப்பு 2017இல் மாணவர் திருப்தி ஆய்வையும் மதிப்பீட்டில் சேர்த்தது. மாணவரையே கேட்பது நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். ஆனால் கேள்விகளில் பெரும்பாலானவை பாடம் நடத்துவதைப் பற்றியவை. பதில்கள் எல்லாம் சேர்ந்து கல்லூரிக்கு ஒரே மதிப்பெண்ணாகிவிடுகின்றன. வேதியியல் மாணவியின் குறையும் வரலாற்று மாணவனின் குறையும் அதில் கரைந்துபோகின்றன.

வேதியியல் ஆய்வகத்தைப் பாருங்கள். ஒரு பியூரெட்டுக்கு நான்கு பேர் என்றால், ஒருவர் குழாயைத் திருகுவார், ஒருவர் குடுவையை ஆட்டுவார், மற்ற இருவரும் அளவைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ரெக்கார்டு நோட்டு நான்கு பேருக்கும் நிறைந்துவிடும். செய்முறைத் தேர்வில் தனியாக நிற்கும்போதுதான் அந்த இருவரின் கை நடுங்குகிறது.

தமிழ்வழி வரலாற்று மாணவருக்குப் புத்தகமே ஆய்வகம். பார்வை நூல் பட்டியலில் ஆங்கில நூல்களே நிறைந்திருக்கும். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழில் வந்திருக்கிறது. ஆனால் இருக்கும் ஒரே பிரதி பீரோவில் பூட்டியிருந்தால் அந்த மாணவர் என்ன செய்வார்? ஜெராக்ஸ் நோட்ஸைத்தான் தேடிப் போவார்.

பிற்பகலில் வகுப்புக்கு வரும் இரண்டாம் சுழற்சி மாணவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. காலையில் கடையிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் அவர்களில் உண்டு. வகுப்பு முடிந்து வரும்போது நூலகம் பூட்டியிருந்தால், அங்குள்ள புத்தகம் அவர்களுக்கு இல்லாத புத்தகம்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்று 1931இலேயே விதி வகுத்தவர், நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் தேசிய மாணவர் ஆய்வில் நூலகம், கணினி வசதி, பாடத்துக்குரிய கருவிகள் பற்றியெல்லாம் தனித்தனியே கேட்கிறார்கள். முடிவுகளைப் பாடவாரியாகவும் வெளியிடுகிறார்கள். நம்மாலும் முடியும்.

கல்லூரி முதல்வர் அவர்களே, இந்தப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு சுழற்சியிலும் நூலகம், ஆய்வகம் பற்றி மாணவர்களிடம் தனித்தனியே கேளுங்கள். பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். வந்த பதிலை அந்தந்தத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

மாணவர்களே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கருவி வேண்டும், எந்தப் புத்தகம் வேண்டும், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.