ரீப்ளே சரி, ரூல் எது?

இன்னைக்கு ரிவ்யூ பத்திப் பேசலாம். கேமரா வந்தாச்சு, கேப்டன் ரிவ்யூ கேட்கலாம், அப்புறமும் ஏன் இவ்வளவு சண்டை?

2023 அக்டோபர் 7, ஹாங்சோ. ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் கபடி ஃபைனல், இந்தியாவும் ஈரானும். 1990ல இருந்து தங்கம் நம்மகிட்டயேதான் இருந்துச்சு. 2018ல ஜகார்த்தாவுல ஈரான்தான் செமிஃபைனல்லயே நம்மள வீட்டுக்கு அனுப்புனாங்க. அந்தக் கணக்கு பாக்கி இருந்த மேட்ச் இது.

ஸ்கோர் 28-28. ஒரு நிமிஷம் சொச்சம்தான் மிச்சம். பவன் செஹ்ராவத் ரெய்டு போறார். யாரையும் தொடாமலே லாபிக்குள்ள கால் வெச்சுட்டார். லாபின்னா கோர்ட்டோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கற பட்டை. ரெய்டரும் டிஃபெண்டரும் தொட்டுக்கிட்ட பிறகுதான் அது ஆட்டத்துல சேரும். அவரைப் பிடிக்கற வேகத்துல ஈரான் டிஃபெண்டர்களும் லாபிக்குள்ள போயிட்டாங்க.

பழைய ரூல்படி, பின்னாடியே போன டிஃபெண்டர்களும் அவுட். புது ரூல்படி ரெய்டர் மட்டும்தான் அவுட். எதை எடுக்கறதுன்னு நடுவர்களுக்கே தெளிவு இல்ல. ஒரு முடிவு சொன்னாங்க, மாத்துனாங்க, திரும்பவும் மாத்துனாங்க. ரெண்டு டீமும் மாத்தி மாத்தி எதிர்ப்புக் காட்டினாங்க. மேட்ச் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்னுச்சு. கடைசியில பழைய ரூல் ஜெயிச்சு, இந்தியா 33-29.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. வீடியோவுல எந்தக் குழப்பமும் இல்ல. யார் கால் எங்க இருந்துச்சுன்னு எல்லாரும் பார்த்தாங்க. நம்ம ஐடி பாஷையில சொன்னா வீடியோ ஒரு லாக் ஃபைல். என்ன நடந்துச்சுன்னு காட்டும். அது தப்பா சரியான்னு ஸ்பெக்தான் சொல்லணும். அன்னைக்கு ரெண்டு வெர்ஷன் ஸ்பெக் ஒண்ணா ஓடிட்டு இருந்துச்சு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மெடல் அதுல தொங்கிட்டு இருந்துச்சு. ஜெயிச்சது நம்ம டீம்ங்கறதால நாம அதை மறந்துடறோம். ஈரான் பையன் இடத்துல நின்னு பாருங்க.

அதே 2023 ஜூன்ல, கோயம்புத்தூர்ல டிஎன்பிஎல் மேட்ச். டிஆர்எஸ் அந்த வருஷம்தான் டிஎன்பிஎல்லுக்கு வந்துச்சு. அஸ்வின் பந்துல திருச்சி பேட்ஸ்மேன் ராஜ்குமாருக்கு கேட்ச் அவுட் கொடுத்தாங்க. அவர் ரிவ்யூ கேட்டார், நாட் அவுட்னு மாறுச்சு. உடனே அஸ்வின் அந்த முடிவு மேலயே ரிவ்யூ கேட்டார்! மூணாவது அம்பயர் திரும்பவும் பார்த்துட்டு நாட் அவுட்னே சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். ஆனா கேள்வி நியாயமானது: ரிவ்யூவோட முடிவு கடைசி முடிவா, இல்லையா?

இதுக்கு நேர் எதிர் உதாரணம், எல்லாரும் திட்டற அம்பயர்ஸ் கால். எல்பிடபிள்யூல பந்தோட பாதிக்கும் கம்மியாதான் ஸ்டம்புல படும்னு காட்டினா, களத்துல நின்ன அம்பயர் சொன்னதுதான் நிக்கும். கடுப்பா இருக்கும். ஆனா டாஸ் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு கேப்டனுக்கும் அது தெரியும். அதனால மேட்ச் ஒரு மணி நேரம் நிக்காது.

நம்ம தர்மபுரி பக்கம் பொங்கல் நேரத்துல நடக்கற கபடிக்கு மூணாவது அம்பயர் எல்லாம் கிடையாது. ஆனா இன்னைக்கு சுத்தி நிக்கறவங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. ‘இங்க பாரு, கோடு தொடல’ன்னு நாலு பேர் வீடியோவோட நடுவரைச் சூழ்ந்துக்குவாங்க. அதனால டோர்னமென்ட் நடத்தற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கேமராவுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, லாபி ரூல் எது, வீடியோ செல்லுமா, கடைசி முடிவு யாரோடதுன்னு மூணு வரி எழுதி, ரெண்டு கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. மைக்லயும் ஒரு தடவை படிச்சுடுங்க. தோத்த டீமும் ‘சரி, இதுதானே பேச்சு’ன்னு கிளம்பணும்.

உங்க ஊர்ல இந்த மாதிரி எப்படித் தீர்த்துக்கறீங்கன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.